ஷேக்கா, மத்தி மீனா... உடம்பில் ஒட்டுவது எது?

மாலை ஆறரை மணி. ராயபுரத்தில் ஒரு சந்து. மாடியில் ஜிம். கீழே, தெருவோரத்தில் மத்தி மீன் வறுத்து விற்கும் கடை. மேலே இரும்புத் தட்டுகள் மோதும் சத்தம், கீழே எண்ணெயில் மீன் பொரியும் சத்தம். ஏழு மணிக்கு மாடியிலிருந்து இறங்கும் பையன்களின் கையில் பிளாஸ்டிக் ஷேக்கர். கடகடவென்று குலுக்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீன் கடையைத் தாண்டிப் போகிறார்கள்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை இன்று எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. வீட்டுக்குப் போன பிறகு நடக்கும் பேச்சும் ஏறக்குறைய ஒன்றேதான்.

"மாசா மாசம் டப்பாவுக்கே இவ்ளோ துட்டு போவுதே கண்ணு... மீனு, முட்டை துன்னா ஆவாதா?"

"அது வேற, இது வேறம்மா. மீனுல பாதி வேஸ்ட்டா வெளிய போயிடும். இது அப்படியே தசைக்குப் போவும். மாஸ்டரே சொன்னாரு."

அதற்கு மேல் அம்மாவிடம் பதில் இருப்பதில்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஷேக்கில் இருக்கும் புரதம் உடம்பில் எவ்வளவு சேர்கிறது? மீனிலும் முட்டையிலும் பருப்பிலும் இருப்பது எவ்வளவு சேர்கிறது? இதை ஊகிக்க வேண்டியதில்லை. மனிதர்களிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

குடலுக்கு பிராண்டு தெரியாது

புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. அந்த மாலையும் நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும். உணவில் இந்த மணிகள் 20 வகை. அதில் 9 வகையை உடம்பால் தயாரித்துக்கொள்ள முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

சாப்பிட்டது வயிற்றுக்குள் போனதும் அங்கிருக்கும் அமிலம் கண்டை அவிழ்க்கிறது. பெப்சின் என்ற நொதி மாலையைத் துண்டாக்குகிறது. துண்டுகள் சிறுகுடலுக்கு வந்ததும் கணையம் அனுப்பும் டிரிப்சின் உள்ளிட்ட நொதிகள் இன்னும் சிறிதாக நறுக்குகின்றன. கடைசியில் தனி மணியாகவோ, இரண்டு மூன்று மணிகள் ஒட்டிய துணுக்காகவோ ஆன பிறகுதான் குடல் சுவர் உள்ளே விடுகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது.

அந்தக் கட்டத்தில், ஒரு அமினோ அமிலம் மூவாயிரம் ரூபாய் டப்பாவிலிருந்து வந்ததா, கூடையில் வந்த மத்தியிலிருந்து வந்ததா என்று கல்லீரலுக்குத் தெரியாது. 'நேராகத் தசைக்குப் போ' என்று முகவரி ஒட்டிய புரதம் எதுவும் கிடையாது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் இதைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், அடையாளமிட்ட பால் புரதம் 20 கிராமை இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். 5 மணி நேரத்தில் அதில் பாதிக்குச் சற்று மேல் ரத்த ஓட்டத்துக்கு வந்தது. மீதியில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டன. தசையில் போய்ச் சேர்ந்தது சுமார் 2 கிராம். மற்றது வீணாகவில்லை. குடல் சுவரைப் புதுப்பிக்க, ரத்தப் புரதங்கள் தயாரிக்க, நோய் எதிர்ப்புக்கு என்று உடம்புக்கு ஆயிரம் வேலை இருக்கிறது. தசை அந்த வரிசையில் நிற்கும் ஒரு ஆள் மட்டுமே.

பெங்களூரில் அளந்து பார்த்தார்கள்

ஒரு உணவின் புரதத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளப்பது எளிதல்ல. மலத்தில் மிஞ்சுவதை வைத்துக் கணக்கிட்டால் தவறு வரும். பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மிஞ்சிய புரதத்தைத் தின்று கணக்கையே மாற்றிவிடும். சிறுகுடல் முடிகிற இடத்தில், அதாவது உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும்.

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் அனுரா குர்பாட் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பயறுச் செடிகளுக்குக் கனநீர் கலந்த தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். அப்போது விளையும் பயறின் புரதத்திலேயே அடையாளம் பதிந்துவிடும். கோழிகளுக்கும் அடையாளம் ஏற்றி முட்டையும் இறைச்சியும் எடுத்தார்கள். அதை நம் ஊர்ச் சமையல் போலவே சமைத்துத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, ரத்தத்தில் அந்த அடையாளம் எவ்வளவு வருகிறது என்று அளந்தார்கள்.

2018, 2019-ல் வெளியான முடிவுகள் இவை: வேகவைத்த முழு முட்டையின் அத்தியாவசிய அமினோ அமிலங்களில் சுமார் 89 சதவீதம் உறிஞ்சப்படுகிறது. சமைத்த கோழிக்கறியில் 92 சதவீதம். தோலுள்ள பச்சைப்பயறில் 58-ஐ ஒட்டி. கொண்டைக்கடலையில் 57-ஐ ஒட்டி.

டப்பாவில் வரும் வே புரோட்டீனுக்கு இந்த அளவு 95 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பாலைத் திரித்துப் பனீர் எடுத்த பிறகு மிஞ்சும் தெளிந்த தண்ணீரில் இருக்கும் புரதம்தான் வே. நல்ல புரதம், சந்தேகமில்லை. ஆனால் முட்டையோடு வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 கிராம் வே குடித்தால் ஏறக்குறைய 22.8 கிராம் சேரும். 24 கிராம் முட்டைப் புரதம், அதாவது 4 முட்டை சாப்பிட்டால் 21.4 கிராம் சேரும். வித்தியாசம் ஒன்றரை கிராம்கூட இல்லை. பத்து வேர்க்கடலைப் பருப்பை வாயில் போட்டால் சரியாகிவிடும்.

முட்டையும் கறியும் இப்படி என்றால் மீன் பின்தங்கிவிடாது. மீன் சதையில் இணைப்புத் திசு குறைவு. ஆட்டுக்கறி கேட்கும் நேரத்தில் கால்வாசிகூட மீனுக்கு வேண்டாம், கொதித்த குழம்பில் போட்டதும் வெந்துவிடும். அதே காரணத்தால் வயிற்றிலும் எளிதில் கரையும். 'மீனுல பாதி வேஸ்ட்டா போயிடும்' என்ற பேச்சுக்கு ஆதாரமே இல்லை.

பச்சை முட்டையில்தான் பாதி போகிறது

பாதி வீணாகும் உணவு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதுவும் வட சென்னைக்கு நன்கு தெரிந்ததுதான்.

குத்துச்சண்டையும் குஸ்தியும் ஊறிய பகுதி இது. பயில்வான் என்றால் விடியற்காலையில் பச்சை முட்டையை உடைத்து அப்படியே விழுங்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. 1976-ல் வந்த 'ராக்கி' படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் பச்சை முட்டைகளைக் கண்ணாடி டம்ளரில் உடைத்து ஊற்றிக் குடித்த காட்சி, உலகம் முழுக்க அந்த நம்பிக்கையை இன்னும் கெட்டிப்படுத்தியது.

1998-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். பெருங்குடல் அகற்றப்பட்டு, சிறுகுடலின் முனை வயிற்றில் திறந்துவிடப்பட்ட 5 பேர் அதற்கு முன்வந்தார்கள். அவர்களிடம் சிறுகுடல் என்ன எடுத்துக்கொண்டது, என்ன விட்டது என்பதை நேரடியாகவே பார்க்கலாம். 25 கிராம் முட்டைப் புரதத்தைச் சமைத்துக் கொடுத்தபோது 91 சதவீதம் செரித்தது. அதே அளவைப் பச்சையாகக் கொடுத்தபோது 51 சதவீதம்தான்.

காரணம், வெந்தால்தான் முட்டைப் புரதத்தின் கண்டு அவிழும். நொதிகளுக்கு நறுக்க இடம் கிடைக்கும். பச்சை வெள்ளைக்கருவில் டிரிப்சினையே தடுக்கும் பொருளும் இருக்கிறது. சூடு பட்டால் அது செயலிழந்துவிடும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி வரும் ஆபத்து வேறு. நான்கு முட்டையைப் பச்சையாக விழுங்கும் பையன், ஏறக்குறைய இரண்டு முட்டையைத்தான் சாப்பிட்டிருக்கிறான். பள்ளிச் சத்துணவில் முட்டையை அவித்துத் தட்டில் வைப்பதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது, பாருங்கள்.

வேகம் ஒன்றும் பெரிய விஷயமில்லை

ஷேக்கின் ஆதரவாளர்கள் அடுத்துச் சொல்வது வேகம். அது உண்மைதான். வே சீக்கிரம் உறிஞ்சப்படும். பாலில் இருக்கும் இன்னொரு புரதமான கேசின், வயிற்றில் தயிர்போலக் கட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும். பிரான்ஸ் ஆய்வாளர்கள் 1997-லேயே இதைக் காட்டினார்கள். வே குடித்தவர்களின் ரத்தத்தில் அமினோ அமிலம் சட்டென்று ஏறிச் சில மணி நேரத்தில் இறங்கியது. கேசின் குடித்தவர்களுக்கு 7 மணி நேரம் வரை மெல்ல மெல்ல வந்துகொண்டே இருந்தது.

ஆனால் வேகமாக வருவதும் அதிகமாகச் சேர்வதும் ஒன்றல்ல. லாரித் தண்ணீர் ஒரே மூச்சில் குடத்தை நிரப்பும். குழாய்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நிரப்பும். நிரம்பிய குடம் ஒன்றுதான். எடை தூக்கிய தசை சுமார் ஒரு நாள் வரை புரதத்தை வாங்கிக்கொள்ளத் தயாராகவே இருக்கும். ஜிம் படிக்கட்டில் நின்றபடியே குடித்தாக வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லை. வீட்டுக்கு வந்து, குளித்து, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டால் போதும்.

'ஒரு வேளைக்கு 25, 30 கிராமுக்கு மேல் உடம்பு ஏற்காது' என்பது இன்னொரு பேச்சு. அதே மாஸ்ட்ரிக்ட் குழு 2023 டிசம்பரில் இதற்கும் பதில் சொன்னது. உடற்பயிற்சி செய்த 36 இளைஞர்களைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 25 கிராம், இன்னொரு பிரிவினருக்கு 100 கிராம், மூன்றாவது பிரிவினருக்குப் புரதமே இல்லாத பானம் கொடுத்தார்கள். 100 கிராம் குடித்தவர்களின் உடம்பு அதைத் தள்ளிவிடவில்லை. 12 மணி நேரம் கடந்தும் பொறுமையாக எடுத்துப் பயன்படுத்திக்கொண்டே இருந்தது. ஆக, நாள் முழுவதும் கப்பலில் இருந்துவிட்டு இரவில்தான் வயிறார உண்ண முடிகிற துறைமுகத் தொழிலாளியின் சாப்பாடும் வீணாவதில்லை.

பருப்பின் பலவீனமும் பாட்டியின் வைத்தியமும்

பச்சைப்பயறுக்கு 58 சதவீதம்தானா என்று சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். அந்த அளவை ஏற்றும் வழிகள் அடுப்படியிலேயே இருக்கின்றன.

பயறு, கடலைகளின் தோலிலும் உள்ளேயும் டானின், பைட்டேட், நொதித் தடுப்பான்கள் போன்றவை இருக்கின்றன. செடி தன் விதையைப் பாதுகாக்க வைத்திருக்கும் பூட்டு அது. தோலை நீக்கியதும் பச்சைப்பயறின் உறிஞ்சும் அளவு ஏறக்குறைய 10 புள்ளி கூடியது என்று பெங்களூரு ஆய்வே சொல்கிறது. ஊறவைத்துத் தண்ணீரை வடிப்பது, முளைகட்டுவது, நன்றாகக் குழைய வேகவைப்பது, மாவைப் புளிக்கவைப்பது எல்லாமே அந்தப் பூட்டைத் தளர்த்தும் வேலைகள். முளைகட்டியதைப் பச்சையாகத் தின்பதைவிட ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவதே மேல்.

அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அதை அரிசி ஈடுகட்டும். இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், அடை என்று தமிழ்ச் சமையல் இரண்டையும் எப்போதும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஒரே வாயில்தான் கலக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே நாளில் இரண்டும் தட்டுக்கு வந்தால் போதும்.

குறை எங்கே என்றால் அளவில். சாம்பார் என்ற பெயரில் வருவது பல வீடுகளில் மஞ்சள் தண்ணீர்தான். ஒரு கரண்டியில் பத்துப் பருப்பு தேறாது. இத்தனைக்கும் ரேஷன் கடையில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த ஒரு கிலோவில் 200 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது.

டப்பாவில் இருப்பது டப்பாவில் போட்டிருப்பதா?

உறிஞ்சுவதைப் பற்றிப் பேசும்போது ஒரு கேள்வியை மறக்கக் கூடாது. உறிஞ்ச உள்ளே புரதம் இருக்க வேண்டுமே!

ஆய்வகத்தில் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. அதில் இருக்கும் நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்று எழுதுவார்கள். நைட்ரஜன் உள்ள மலிவான பொருள் எதைக் கலந்தாலும் எண் ஏறிவிடும். 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் கலந்தது இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். ஜிம் பவுடர்களில் மெலமைன் வேண்டியதில்லை. கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைச் சேர்த்தாலே எண் கூடிவிடும், தசைக்குப் பயன் கூடாது.

2024-ல் கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட குழு இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து வெளியிட்டது. சுமார் 70 சதவீதப் பொருள்களில் லேபிளில் போட்டிருந்த புரத அளவு சரியில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சிலவற்றில் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சும் கிடைத்தது. எல்லா டப்பாவும் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. வெளியிலிருந்து பார்த்து எது நல்லது என்று சொல்ல முடியாது என்பதே இதன் அர்த்தம். முட்டைக்குள் யாரும் எதையும் கலக்க முடியாது. மீனின் கண்ணையும் செவுளையும் பார்த்தே காசிமேட்டு அம்மாக்கள் நேற்றைய மீனைச் சொல்லிவிடுவார்கள்.

'மாஸ் கெய்னர்' என்று விற்பது இன்னொரு கதை. அதில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். பின்பக்கம் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பார்த்தாலே குட்டு வெளிப்படும்.

பையனின் ஒரு நாள்

சாதாரணமாக உழைக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் தேவை என்கிறது 2020-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. எடை தூக்கித் தசை வளர்ப்பவருக்கு இது போதாது. 2018-ல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை பயன் கூடுகிறது, அதற்கு மேல் போனால் பெரிதாகக் கூடுவதில்லை என்று தெரிந்தது. 65 கிலோ பையனுக்கு அது 104 கிராம்.

டப்பா இல்லாமல் அதை எட்ட முடியுமா? பார்ப்போம்.

• வேகவைத்த முட்டை 4: 24 கிராம்
• சுத்தம் செய்த மத்தியோ நெத்திலியோ காரப்பொடியோ 150 கிராம்: 27 கிராம்
• துவரம்பருப்பு 50 கிராம்: 11 கிராம்
• மூன்று வேளைக்கும் சேர்த்து அரிசி 250 கிராம்: 19 கிராம்
• பால் 300 மில்லி: 9 கிராம்
• கொண்டைக்கடலைச் சுண்டல், காய்ந்த கடலைக் கணக்கில் 50 கிராம்: 9 கிராம்
• வேர்க்கடலை ஒரு கைப்பிடி: 7 கிராம்

மொத்தம் 106. உறிஞ்சுவதில் பருப்புக்கும் கடலைக்கும் கொஞ்சம் கழித்தாலும் அவனுக்கு வேண்டியது கிடைத்துவிடும். 2024 மே மாதம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கவே சொல்கிறது.

சோற்றைக் குறைத்துவிட்டு ஷேக்கை மட்டும் நம்புவதும் தவறு. எரிக்க மாவுச்சத்து இல்லாவிட்டால் உடம்பு புரதத்தையே எரிக்கும். தேக்கு மரத்தை விறகாக வைப்பதற்குச் சமம் அது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறும். அந்த நாட்களில் முட்டையும் கடலையும் கருவாடும் கைகொடுக்கும். நெத்திலிக் கருவாட்டின் எடையில் ஏறக்குறைய பாதி புரதம்தான். உப்பு அதிகம் என்பதால் நன்றாக அலசிச் சமைக்க வேண்டும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மலிவான மீன் எப்போதும் கிடைக்கும் என்றும் இருந்துவிட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம் பரவியபோது, கொசஸ்தலை ஆற்றில் இறாலும் நண்டும் பிடித்து வாழும் குடும்பங்களின் தொழிலோடு, அந்தக் குடும்பங்களின் தட்டும் காலியானது. எண்ணூரில் ஆற்றைக் காப்பது என்பது புரதத்தைக் காப்பதும்தான்.

அம்மாவின் தட்டில் என்ன இருக்கிறது?

பையனின் 104 கிராமைப் பற்றி ஜிம்மில் தினமும் பேச்சு நடக்கிறது. அதே வீட்டில் அம்மாவுக்கு எத்தனை கிராம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாள் தேவை 46 கிராம். காலையில் 3 இட்லி, சட்னி. மதியம் சோறும் குழம்பும். இரவு மிஞ்சிய சோறு, ரசம். இடையில் இரண்டு டீ. இதை எல்லாம் கூட்டினால் 35 கிராமைத் தாண்டாது. அதிலும் பாதிக்கு மேல் அரிசியிலிருந்து வருவது, லைசின் குறைந்தது. மீன் வாங்கிய நாளில் நடுத்துண்டு பையனுக்கும் அப்பாவுக்கும் போகும். அம்மாவுக்குத் தலையும் வாலும், சட்டியில் ஒட்டிய குழம்பும். பகலெல்லாம் மீன் கூடை சுமந்து விற்கிற அம்மாவுக்கே சில வீடுகளில் இதுதான் நிலைமை.

வீட்டில் பாட்டி இருந்தால் அவர் தேவை இன்னும் கூடுதல். வயதாக ஆகத் தசை தானாகவே கரையும். அதே அளவு புரதத்துக்கு இளைஞனின் தசை காட்டும் அக்கறையை முதியவரின் தசை காட்டாது. அதனால் முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 'பல் இல்லை, கஞ்சி போதும்' என்று சொல்லும் பாட்டிக்குக் கிடைப்பது அதில் பாதி இருந்தாலே அதிகம். தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்பதற்குப் பின்னால் பல நேரம் மெலிந்த தொடைத் தசை இருக்கிறது.

இப்போது டப்பாவின் விலையைப் பிரித்துப் பார்ப்போம். மாதம் ஒரு கிலோ, மூவாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஸ்கூப் 100 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. முட்டை ஒன்று 7 ரூபாய் என்றால், அதே புரதம் தரும் 4 முட்டைக்கு 28 ரூபாய்.

பையனுக்குத் தினம் 4 முட்டை, அம்மா, தங்கை, பாட்டிக்கு ஆளுக்கு 2. ஒரு நாளைக்கு 10 முட்டை, மாதம் 300. அதற்கு 2,100 ரூபாய். மீதி 900 ரூபாய் மீனுக்கும் கடலைக்கும். ஒருவர் குடித்த பணத்தில் நான்கு பேர் சாப்பிட்டாகிவிட்டது. பையனுக்கு ஒரு கிராமும் குறையவில்லை.

யாருக்கு ஷேக் தேவை?

பவுடரை விஷம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெல்ல முடியாதவர்கள், பசியே எடுக்காத முதியவர்கள், நோயால் எடை சரிந்தவர்கள் போன்றோருக்கு மருத்துவர் சொன்னால் அது நல்ல துணை. நேரமே கிடைக்காத ஷிப்டு வேலையில் இருப்பவர் எப்போதாவது எடுத்துக்கொண்டால் தப்பில்லை. குடித்ததும் வயிறு உப்பி, காற்றாகப் பிரிந்தால் பாலில் உள்ள லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும், வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தவர்களும் புரதத்தைக் கூட்டும் முன் ஒருமுறை சிறுநீரில் ஆல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்துவிட வேண்டும். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையிலேயே அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அதிகப் புரதம் பாரம்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது பையில் வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஷேக் குடித்தே பழகிய வாய்க்கு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பொட்டுக்கடலை மாவு 30 கிராம், வறுத்த வேர்க்கடலை 20 கிராம், காய்ச்சிய பால் 200 மில்லி. மிக்ஸியில் ஒரு சுற்று. சுமார் 18 கிராம் புரதம். இதைப் பாட்டிக்கும் ஒரு டம்ளர் கொடுக்கலாம்.

மறுபடியும் அந்த ராயபுரம் சந்து. அடுத்த முறை மாடியிலிருந்து இறங்கும் பையன், கீழே மீன் கடையில் ஒரு நிமிடம் நின்றால் நல்லது. இரண்டு மத்தி தனக்கு. இன்னும் நான்கைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிப் போய், அம்மா தட்டில் வைத்துவிட்டு, "நீ மொதல்ல துன்னும்மா" என்று சொன்னால் இன்னும் நல்லது.